கண்டெடுத்த ஓர் இறகு எந்தப் பறவையுடையது? மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

தேயிலை நிரைக்கு நடுவே, கானோரத்தில், லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தியில் என்று மலையகத்தில் நடந்து திரிகிறவர்களுக்கு இறகு கண்ணில் படாத மாதமே இல்லை. குனிந்து எடுத்து, அழகாக இருக்கிறதே என்று கொப்பிக்குள் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த ஓர் இறகை வைத்தே எந்தப் பறவை என்று பல வேளைகளில் சொல்லிவிடலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஓர் அடிமட்டம், ஒரு பென்சில், ஒரு கொப்பி, படம் எடுக்கக்கூடிய போன், கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான்.

நான் இதைப் பிழை விட்டுத்தான் பழகினேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக் குறுக்குப் பாதையில், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் செங்கல் நிற இறகொன்று கிடைத்தது. எனக்கு அப்போது கெஹிபெல்லாவைக் காண வேண்டும் என்று தீராத ஆசை. சிங்களத்தில் அப்படிச் சொல்வது இலங்கையில் மட்டுமே வாழும் நீல நிற நெடுவால் பறவையை. உடம்பெல்லாம் நீலம், தலையும் இறக்கையும் செந்தவிட்டு நிறம், அலகும் காலும் சிவப்பு. இறகின் நிறத்தைப் பார்த்ததும் அதுதான் என்று முடிவு கட்டி, கூட வந்த பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஆச்சி ஒருவர் இறகை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது செம்பகத்து றெக்கை சாமி. அந்தா, அந்தப் பொதருக்குள்ளதான் காலையில உப்பு உப்புன்னு கத்திக்கிட்டுக் கெடக்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நான் நிறத்தை மட்டும் பார்த்தேன். அவர் அந்த இடத்தில் தினமும் இருப்பது யார் என்பதிலிருந்து தொடங்கினார். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான். காண ஆசைப்படும் பறவையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் புதரில், அந்தக் கூரையில், அந்த வாகை மரத்தில் நாள்தோறும் இருக்கும் பறவைகளை முதலில் நினையுங்கள். அவை ஒன்றும் பொருந்தாதபோதுதான் அரிய பறவைக்குப் போக வேண்டும்.

எடுப்பதற்கு முன்

இறகைக் கண்டதும் கையை நீட்டாதீர்கள். கிடந்த கோலத்திலேயே ஒரு படம் எடுங்கள். பிறகு இரண்டு மூன்று அடி சுற்றளவில் தேடிப் பாருங்கள். ஒற்றை இறகு மட்டும் கிடந்தால் பெரும்பாலும் அது இயல்பாக உதிர்ந்தது. எல்லாப் பறவையும் பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்க விடும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து முடிந்த பிறகுதான் பல பறவைகளுக்கு இது நடக்கும்.

இறகுகள் குவியலாகக் கிடந்தால் அங்கே ஓர் உயிர் போயிருக்கிறது. அப்போது காம்பின் அடிமுனையைப் பாருங்கள். முனை முழுசாக, கூராக இருந்தால் வல்லூறு போன்ற வேட்டைப் பறவை அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கும். காம்பு கடிபட்டு நறுக்குண்டு, இழைகள் எச்சிலில் ஒட்டிப் போயிருந்தால் பூனை, கீரி, நாய் இவற்றில் ஒன்று. குவியல் கிடைப்பது அடையாளம் காண நல்ல வாய்ப்பு. வால், இறக்கை, உடல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஆனால் செத்த பறவையே கிடந்தால் கை வைக்காதீர்கள். என்ன நோயில் செத்தது என்று தெரியாது. வெறும் இறகைத் தொட்டாலும் வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. 1988 இல் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஓர் இறகைக்கூட வெளியே கொண்டு வரக் கூடாது. என் வழக்கம் எளிது. அளந்து, படம் எடுத்து, குறித்துக்கொண்டு, இறகைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவேன். நல்ல படம் ஒன்று இருந்தால் இறகை வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

படம் எடுக்கும்போது அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, வானத்துக்கு நேரே பிடித்து ஒன்று என மூன்று படம் வேண்டும். மூன்றாவது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

உடம்பில் எந்த இடத்து இறகு?

பேச்சில் நாம் ஒற்றை இறகையும் றெக்கை என்போம், முழு இறக்கையையும் றெக்கை என்போம். இங்கே இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். "எந்தப் பறவை?" என்று கேட்பதற்கு முன் "உடம்பில் எந்த இடம்?" என்று கேளுங்கள். பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

இறகை அடிப்பக்கத்திலிருந்து மேலாகப் பாருங்கள். கீழே, தோலுக்குள் செருகியிருந்த வெறுங்காம்பு. அதற்கு மேல் நடுத்தண்டு. தண்டின் இருபுறமும் இழைகள் சேர்ந்து தகடு போல விரிந்திருக்கும். ஓர் இழையைப் பிரித்துவிட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் மெதுவாக நீவிப் பாருங்கள். திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். இழைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. பறவை அலகால் கோதுவதும் இதற்காகத்தான்.

இப்போது தண்டின் இரண்டு பக்கத் தகடுகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்து, தண்டு விறைப்பாக இருந்தால் அது இறக்கையின் வெளிமுனை இறகு. காற்றை வெட்டிக்கொண்டு போவது குறுகிய பக்கம். இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக வந்து, இறகு முழுதும் ஒரு பக்கமாக வளைந்து, நுனி மழுங்கியிருந்தால் இறக்கையின் உட்புற இறகு, அதாவது உடம்புக்குக் கிட்ட இருப்பது. நேராக, வளைவு குறைவாக இருந்தால் வால் இறகாக இருக்கலாம். வாலின் நடு இறகில் இரண்டு பக்கமும் சரிபாதி. ஓர இறகில் வெளிப்பக்கம் ஒடுங்கியிருக்கும். அதனால் ஓர வாலிறகையும் வெளியிறக்கை இறகையும் குழப்பிக்கொள்வது இயல்பு. மேசையில் வைத்துப் பாருங்கள். வாலிறகு பெரும்பாலும் தட்டையாகப் படியும். இறக்கை இறகு வில்லாக எழும்பி நிற்கும்.

சிறியதாக, அடிப்பாதி பஞ்சாக, மேல்பாதி மட்டும் தகடாக இருந்தால் உடல் இறகு. முழுதும் பஞ்சு, தண்டே சரியாக இல்லை என்றால் அது தூவி. குளிருக்குப் பறவை போர்த்தும் கம்பளி. தூவி மட்டும் கிடைத்தால் பெயர் சொல்ல முயலாதீர்கள். எனக்கும் முடியாது.

அளவும் ஈரமும்

காம்பின் அடிமுனையிலிருந்து நுனி வரை, வளைவோடு சேர்த்து அளந்து சென்ரிமீற்றரில் எழுதுங்கள். அடிமட்டம் இல்லாவிட்டால் சாணும் விரலும் போதும். ஆனால் உங்கள் சாண் எத்தனை சென்ரிமீற்றர் என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் காய்ந்த இறகு கிடைப்பது அபூர்வம். நனைந்த இறகு நிறத்தில் பொய் சொல்லும். தவிட்டு நிறம் கறுப்பாகத் தெரியும், சாம்பல் மண்ணிறமாகும். இரண்டு பத்திரிகைத் தாளுக்கு நடுவே வைத்து நிழலில் காயவிட்டு, நீவிச் சரிசெய்த பிறகே நிறத்தை எழுதுங்கள். வெயிலில் நாள்கணக்காகக் கிடந்த இறகு இதற்கு மறுபக்கம். கறுப்பு வெளிறிப் பழுப்பாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கறுப்பு நிறத்தைத் தரும் நிறமி இறகை உறுதியாக்கவும் செய்கிறது. வெள்ளைப் பகுதிக்கு அந்த வலு இல்லை. ஆகவே வெள்ளை நுனி கொண்ட பழைய இறகில் அந்த நுனி தேய்ந்து, இருந்த இடமே தெரியாமல் போயிருக்கலாம்.

வெள்ளை நுனி கொண்ட கறுத்த இறகு

மலையகத்தில் புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கறுப்பு அல்லது கருந்தவிட்டு நிறத்தில் ஒரு வாலிறகு, நுனியில் வெள்ளை. சந்தேகிக்க வேண்டியவை முதலில் மூன்று: புள்ளிப்புறா, மைனா, கொண்டைக்குருவி.

புள்ளிப்புறாவின் ஓர வாலிறகு மூன்றிலும் நீளமானது, பத்து சென்ரிமீற்றரைத் தாண்டும். அடியில் சாம்பல், நடுவில் கறுப்பு, நுனியில் தாராளமாக வெள்ளை. இந்த வெள்ளை ஒரு கோடாக இல்லாமல் இறகின் நல்லதொரு பங்கையே பிடித்திருக்கும். கறுத்த துணியில் தட்டினால் மாவு போல மெல்லிய பொடி உதிர்வதும் உண்டு. புறா இனத்துக்கே உரிய பொடி அது. சன்னல் கண்ணாடியில் புறா மோதிப் பறந்தால் அதன் உருவமே வெண்மையாகப் பதிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் இந்தப் பொடிதான் காரணம். புறாவின் இறகுகள் தோலில் இறுக்கமாகப் பிடித்திருப்பதில்லை. பூனை பாய்ந்தால் ஒரு கொத்து இறகை அதன் வாயில் விட்டுவிட்டு உயிர் தப்பும். லயத்து வாசலில் இறகு கொத்தாகக் கிடந்து, இரத்தமோ எலும்போ இல்லையென்றால், புறா தப்பிப் பறந்திருக்கும் என்றே நான் எண்ணுவேன்.

மைனாவின் வாலிறகு அதைவிடக் குட்டை, ஏழெட்டு சென்ரிமீற்றர். அகலமானது, நல்ல கறுப்பு, நுனி வெள்ளை வட்டமாக வெட்டியது போல இருக்கும். பக்கத்தில் மைனாவின் இறக்கை இறகும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். வெளியிறக்கை இறகின் அடிப்பகுதி வெள்ளை, மேற்பகுதி கருந்தவிட்டு நிறம். மைனா பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று தெரியும் வெள்ளைத் திட்டு இதுதான்.

கொண்டைக்குருவியின் வாலிறகு நீளத்தில் மைனாவினதை ஒட்டி வரும். ஆனால் ஒடுக்கமானது. முழுக் கறுப்பாக இருக்காது, வெளிச்சத்தில் தவிட்டு நிறம் தட்டும். வெள்ளை நுனியோ நகக்கண் அளவுதான். கொய்யா மரத்தடியில், பழம் உள்ள வேலியோரத்தில் கிடைத்தால் முதலில் இதையே நினையுங்கள்.

நான்காவதாக ஒன்று குறுக்கே வரும். வாலிறகின் நுனி மட்டுமில்லாமல் பெரும்பாகமும் வெள்ளையாக இருந்தால் குண்டுக்கரிச்சானைப் பாருங்கள். அதன் வாலில் நடு இறகுகள் கறுப்பு, ஓர இறகுகள் வெள்ளை. விடியற்காலையில் கூரை முகட்டில் நின்று பாடுகிற கறுப்பு வெள்ளைக் குருவி அது.

செங்கல் நிற இறகு

ஆச்சி சொன்ன செம்பகத்துக்கு வருவோம். எழுத்தில் செண்பகம் என்பார்கள். காகத்தின் அளவுடைய கறுப்புப் பறவை, இறக்கை மட்டும் செந்தவிட்டு நிறம், கண் சிவப்பு. அதிகம் பறக்காது, புதருக்கடியில் நடந்தே திரியும். அது இறகிலும் தெரியும். இறக்கை இறகு அகலமாக, மெத்தென்று, நுனி உருண்டு இருக்கும். நெடுந்தூரம் பறக்கும் பறவையின் இறகில் உள்ள விறைப்பு இருக்காது. நிறம் அடியிலிருந்து ஒரே செங்கல் நிறம், நுனியில் மட்டும் கொஞ்சம் கறுக்கும். நீலத்தின் சாயலே இராது. கெஹிபெல்லா என்றால் பக்கத்தில் நீலம் எங்காவது தெரியும். அதன் வாலிறகு நீலம், நுனி வெள்ளை, வெள்ளைக்குச் சற்று முன்னால் கறுப்பு. தவிர, கெஹிபெல்லா அடர்ந்த ஈரக் காட்டுப் பறவை. தேயிலைக்கு நடுவே கிடைத்த செங்கல் நிற இறகு செம்பகத்தினுடையது என்று தொடங்குவதே நியாயம்.

செம்பகத்தின் வாலிறகு வேறு கதை. நீளமாக, அகலமாக, பச்சையோ ஊதாவோ மினுங்கும் கறுப்பில் இருக்கும். காக இறகு என்று பலர் எடுத்து வைத்திருப்பார்கள். அண்டங்காகத்தின் இறகு விறைப்பானது, காம்பு தடித்தது. செம்பகத்தினது நீளத்துக்கு ஏற்ற கனம் இல்லாமல் கையில் தொய்யும். குவியலாகக் கிடைத்தால் வாலிறகுகளை எண்ணுங்கள். குயிலும் செம்பகமும் ஒரே குடும்பம், இவற்றுக்கு வாலிறகு பத்துத்தான். காகம், மைனா போன்றவற்றுக்குப் பன்னிரண்டு.

கோழியா, காட்டுக்கோழியா?

நம் தேசியப் பறவை காட்டுக்கோழி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் பாதையோரத்திலேயே சேவல் மேய்வதைக் காணலாம். அதனால் ஆரஞ்சு நிறக் கழுத்திறகு ஒன்று கிடைத்தால் மனம் உடனே அங்கே போய்விடும். லயத்துக்கு அரைக் கிலோமீற்றருக்குள் கிடைத்தது என்றால், அதை வீட்டுக்கோழி இறகு என்றே முதலில் எழுதுங்கள்.

கோழி இனம் என்பதை உறுதி செய்ய நல்ல வழி ஒன்று இருக்கிறது. உடல் இறகைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காம்பும் தகடும் சேரும் இடத்திலிருந்து, பெரிய இறகுக்கு முதுகோடு முதுகாக, பஞ்சு போன்ற இன்னொரு குட்டி இறகு முளைத்திருக்கும். தாய் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டது போல. கோழிக்கும் காட்டுக்கோழிக்கும் இது பெரிதாக, தெளிவாகத் தெரியும். புறாவுக்கு இது கிடையாது. எந்தக் கோழியின் உடல் இறகையும் எடுத்து இன்றைக்கே பார்த்துப் பழகலாம்.

இரண்டு கோழிகளையும் பிரிக்க நிறம் ஓரளவு உதவும். காட்டுச் சேவலின் கழுத்திறகு ஈட்டி போல ஒடுங்கி, பொன் ஆரஞ்சு நிறத்தில், நடுவே கறுத்த கோடு ஓடும். பேட்டின் இறக்கை இறகில் தவிட்டு நிறமும் கறுப்பும் மாறி மாறிக் குறுக்குப் பட்டைகள் இருக்கும். ஆனால் நாட்டுக்கோழியில் இல்லாத நிறமே இல்லை. எனவே கிடைத்த இடத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

நீலமும் பச்சையும்

மூன்றாவது படம் எதற்கு என்று கேட்டிருப்பீர்கள். நீல இறகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீலம் மறைந்து மங்கலான பழுப்பாகிவிடும். பறவை இறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையாது. இழைக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது நீலமாகத் தெரிகிறது. கோழி இறகுக்கு நீலச் சாயம் ஏற்றிய அலங்காரப் பொருளிலிருந்து உதிர்ந்தது என்றால் அந்த நீலம் அப்படியே இருக்கும். கோவில் திருவிழா முடிந்த மறுநாள் இப்படி ஒன்றைப் பிள்ளைகள் கொண்டு வந்ததுண்டு.

ஆற்றோரத்தில், குளத்தோரத்தில், சில வேளை தண்ணீரே இல்லாத மரக்கறித் தோட்டத்திலும் கிடைக்கும் நீல இறகு பெரும்பாலும் வெண்தொண்டை மீன்கொத்தியினுடையது. அது பூச்சியும் பல்லியும் பிடிப்பதால் தண்ணீரை நம்பி இருப்பதில்லை. வாலிறகின் மேல்பக்கம் முழு நீலம். வெளியிறக்கை இறகின் அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு.

நீண்டு ஒடுங்கிய பச்சை இறகு கிளி. வாலிறகு கருநீலமாக இருந்து நுனி மஞ்சளானால், மலைக்காடுகளை ஒட்டி வாழும் நம் நாட்டுக்கே உரிய சாம்பல் முதுகுக் கிளியாக இருக்கலாம். பாசிப்பச்சையில் சின்னஞ்சிறு இறகு, அதுவும் நுவரெலியா போல உயரமான ஊரில் கிடைத்தால், மஞ்சள் காது கொண்டைக்குருவியை நினைத்துப் பாருங்கள். மலைநாட்டின் மேல்பகுதியை விட்டு அது அதிகம் இறங்காது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1868 மீற்றர். இரண்டுக்கும் நடுவில் பறவைப் பட்டியலே மாறிவிடுகிறது. அதனால் ஊரோடு உயரத்தையும் எழுதி வையுங்கள்.

சுருக்கமாக இன்னும் சில

வாலிறகின் தண்டு ஈர்க்கு போல விறைத்து, நுனி தேய்ந்து கூராக இருந்தால் மரங்கொத்தி. வாலை மரத்தில் ஊன்றி நிற்பதால் அப்படி. இறகின் மேல்பரப்பு வெல்வெட் போல இருந்து, வெளியோரம் சீப்புப் பல் போலப் பிரிந்திருந்தால் ஆந்தை. சத்தமில்லாமல் பறக்க அதற்கு இது உதவுகிறது. பெரியதாக, விறைப்பாக, குறுக்குப் பட்டைகளோடு இருந்தால் பருந்து அல்லது கழுகு இனம். எது என்று ஒற்றை இறகில் துணிந்து சொல்ல வேண்டாம். சாம்பல் கலந்த தவிட்டு நிறத்தில், அடையாளம் சொல்ல ஒன்றுமில்லாத இறகு, கூட்டமாகக் கத்திக்கொண்டு தாவித் திரியும் குருவிகள் உள்ள இடம் என்றால் தவிட்டுக்குருவி. யாழ்ப்பாணத்தில் இதைப் புலுனி என்பார்கள்.

கொப்பியில் எழுதுவது

எழுதாமல் விட்டால் பத்தாவது இறகில் முதல் இறகு மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் கொப்பியில் இருப்பது போல ஒன்று:

"கானோரம், தேயிலை, மேலே வாகை. காலை, மழை விட்ட பிறகு. ஒற்றை இறகு, காம்பு முழுசு. நீளம் 11 செ.மீ. தட்டை, ஒரு பக்கம் ஒடுக்கம்: ஓர வாலிறகு. அடி சாம்பல், நடு கறுப்பு, நுனி வெள்ளை, வெள்ளை அகலம். அருகில் கேட்டது: புறா. முடிவு: புள்ளிப்புறா. உறுதி: நன்றாக."

கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். "நன்றாக", "ஓரளவு", "தெரியவில்லை" என்று மூன்றில் ஒன்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். தெரியவில்லை என்ற பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த இடத்துக்கு வேறு நாளில், காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஐந்து மணிக்கும் போய் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். என்ன பறவைகள் வந்து போகின்றன என்று எழுதி, இறகின் படத்தோடு ஒப்பிடுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் உயிரினங்களின் படத்தைப் போட்டு மற்றவர்களிடம் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போடலாம். 1976 இல் தொடங்கிய இலங்கைக் கள பறவையியல் குழு போன்றவற்றில் இருப்பவர்களிடம் காட்டலாம். அதற்கும் முன்னால், அந்த மலையில் தினமும் கொழுந்தெடுக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். என் கொப்பியில் "தெரியவில்லை" என்றிருந்த பக்கங்களில் ஏழுக்கு அப்படித்தான் பெயர் கிடைத்தது.